கொசுறாக வந்த ஒயர்

ஷார்ஜாவில் இருந்த காலம் முழுக்க ரிஸ்வான் அகமது பொறாமைப்பட்டது மேனேஜரைப் பார்த்து அல்ல. இடுப்பில் மஞ்சள் நிற மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் மெயின்டனன்ஸ்காரரைப் பார்த்துத்தான். ரிஸ்வான் அங்கே ஒரு குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி அடுக்குகிறவனுக்காக எந்தக் கதவும் தானாகத் திறப்பதில்லை. மீட்டர்காரர் வந்தால் கதவு திறக்கும், டீ வரும், கூட்டம் விலகி வழிவிடும். அவர் கம்பியை எங்கேயோ வைத்து, மீட்டரைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினால் அங்கே நிற்கிற அத்தனை பேர் முகமும் வாடிப்போகும். டாக்டருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவான்.

ஊர் திரும்பிய ரிஸ்வானுக்குச் சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடம் காத்திருந்தது. எட்டு விசைத்தறி, எல்லாம் துண்டு நெய்வது. காத்திருந்தது என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் அது இவர் இல்லாமலே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நூல் வாங்குவது மனைவி மெஹர்பானு. துண்டை விற்பது மெஹர்பானு. நெசவாளர்கள் லீவு கேட்பதும், அட்வான்ஸ் கேட்பதும், இரண்டும் கிடைக்காமல் முணுமுணுப்பதும் மெஹர்பானுவிடம். அவள் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் மகள். நடை பழகியதே மூட்டைகளுக்கு நடுவில். அவளிடம் பேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், தாங்கள் விற்றோமா வாங்கினோமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

அந்தக் கூடத்தில் காலியாக இருந்த ஒரே வேலை கரண்ட். அதற்கு மட்டும் வெளியிலிருந்து ஜெயசிங் என்ற எலக்ட்ரீஷியன் வந்துகொண்டிருந்தார். ரிஸ்வான் அந்த நாற்காலியில் கண் வைத்தார். முதல் காரியமாக மீட்டர் வாங்கக் கிளம்பினார். செய்த பிழை, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் முத்துக்கிருஷ்ணன் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். நேராக அங்கே போயிருக்கலாம். மெஹர்பானு அப்படிப் போகிறவள் இல்லை. முதலில், தனக்கு விலை தெரிந்த இன்னொரு கடையில் கேட்டாள். அப்புறம் முத்துக்கிருஷ்ணனிடம் கேட்டாள். அப்புறம் மறுபடியும் முதல் கடைக்கே போய், ஒன்றும் தெரியாதவள் போல அதே மீட்டரின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மொதல்லயே கேட்டாச்சே, மறுபடி எதுக்குட்டி?" என்றார் ரிஸ்வான்.

"நான் இங்கன வந்துட்டுப் போறதுக்குள்ள அவன் வெலைய மாத்திட்டான்னா, இவன் சொல்லுத வெலைக்கு என்ன அர்த்தம் மச்சான்?"

ரிஸ்வான் கூச்சத்தில் நெளிந்து, சீலிங் ஃபேன்கள் தொங்குகிற பக்கமாக நகர்ந்து, வாங்கவே போகாத ஒரு ஃபேனின் இறக்கையை வெகு அக்கறையாகத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் பேரம் நடந்தது.

"யக்கா, இது எலுமிச்சம்பழம் இல்ல. மிசினு," என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"எலுமிச்சம்பழம்னா நாளைக்கு அழுவிரும்னு பயந்து நீங்களே கொறச்சிருப்பீய அண்ணாச்சி. இது அழுவாதுன்னு ரொம்பத்தான் தைரியம் ஒங்களுக்கு."

விலை ஓரளவுக்குமேல் இறங்கவில்லை. அதனால் அவள் கொசுறுக்குத் தாவினாள். மீட்டரோடு சேர்ந்து வருகிற சிவப்பு, கறுப்பு ஒயர் ஜோடியில் இன்னொரு ஜோடி வேண்டும் என்றாள்.

"அது எதுக்குக்கா? ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடிதான்."

"கொசுறு எதுக்குன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

முத்துக்கிருஷ்ணன் கொடுத்துத் தொலைத்தார். ஃபேன் இறக்கைக்குப் பின்னாலிருந்த ரிஸ்வானுக்கு அவமானமாக இருந்தது. மெஹர்பானு அந்த இரண்டாவது ஜோடியை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், கூடத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். கொசுறை உடனே செலவழிப்பது அவள் பரம்பரையில் கிடையாது.

அதற்கப்புறம் வீட்டில் அளக்கப்படாத பொருள் எதுவும் இல்லை. டார்ச் லைட் பேட்டரி, ரிமோட் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி. ஓர் எலுமிச்சம்பழத்தில் ஆணியையும் செப்புக் கம்பியையும் குத்தி அளந்துவிட்டு, "கிட்டத்தட்ட ஒரு வோல்ட் இருக்கு மெஹரு," என்று அறிவித்தார்.

"எங்க அத்தா மண்டியில ஒரு லோடு கெடக்கு. வரச்சொல்லட்டா? தறிய அதுலயே ஓட்டிருவோம்."

அளந்து முடித்ததும் ஒயர்களை மீட்டரைச் சுற்றிச் சுற்றி இறுக்கமாகக் கட்டிவைப்பார். அது அவருடைய கையின் குணம். சின்ன வயதில் அவர் வீட்டில் முதலில் கற்றுக்கொண்ட வேலை தார் சுற்றுவது. தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற அந்தச் சின்னக் கட்டையில் நூல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் முதுகில் ஒன்று விழும். எனவே தொளதொளவென்று கிடக்கும் எதைக் கண்டாலும் அந்தக் கைக்குப் பொறுக்காது. மீட்டரை மேசையில் வைத்தால், பெரிய தார் ஒன்றை மஞ்சள் பெட்டியில் சுற்றிவைத்தது போல இருக்கும். தறிக்கூடத்தில் மூத்த நெசவாளரான காசிராஜன் அதைப் பார்த்து, "பாய் இத நாடாவுல போட்டா துண்டே நெஞ்சிரலாம்," என்று பாராட்டினார்.

ஒருநாள் ரிஸ்வானுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிளக் பாயிண்டில் வோல்ட் இருக்கிறது, சரி. ஆம்பியர் எவ்வளவு இருக்கிறது? மீட்டரில் '10A' என்று ஒரு துளை தனியாக இருந்தது. சிவப்பு ஒயரை அதில் மாட்டினார். இரண்டு முனைகளையும் பிளக்கில் செருகினார்.

அந்தத் துளையில் ஒயரை மாட்டினால் மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம் என்பதும், பிளக்கில் வெறும் கம்பியைச் செருகினால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. டப்பென்று ஒரு சத்தம். வீடு இருண்டது. சுவரில் கறுப்பாக ஒரு பூ பூத்தது. மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து முதலாளியின் விரலைக் காப்பாற்றியிருந்தது.

மெஹர்பானு புது ஃபியூஸ் வாங்கிப் போடச் சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"இதான் மச்சான் கடைசி. இனிமே இதால ஏதாச்சும் கூத்து நடந்துச்சு, பேரீச்சம்பழக்காரன் வண்டி வரும்லா, அதுல தூக்கிப் போட்டுருவேன். கரண்டு சோலி பூராவும் ஜெயசிங் தம்பிகிட்டத்தான்."

பழைய இரும்புக்கும் செம்புக்கும் பேரீச்சம்பழம் தருகிற வண்டியைத்தான் சொன்னாள். அரபு நாட்டில் பேரீச்சம்பழம் தின்று அலுத்துத் திரும்பிய மனிதருக்கு, தன் மீட்டர் போய்ப் பழமாக வருவது இரட்டை அவமானம். ரிஸ்வான் அன்றிலிருந்து ஒழுங்கானார். ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பாடம் படித்தார். ரப்பர் செருப்பு, காய்ந்த கை, கம்பியைப் பிடிக்கும்போது விரல் அந்தத் தடுப்பு வளையத்தைத் தாண்டக் கூடாது, ஒரு கை வேலை செய்தால் மறு கை முதுகுக்குப் பின்னால். எல்லாம் மனப்பாடம். அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரே ஒரு வாய்ப்பு. தறிக்கூடத்தில் ஏதாவது ஒன்று கெட வேண்டும், அன்றைக்கு ஜெயசிங் ஊரில் இருந்தும் வர முடியாமல் போக வேண்டும்.

ஆடித்தபசுத் திருவிழா அந்த வாய்ப்பைக் கொடுத்தது. ஊர் முழுக்கப் பந்தலும் சீரியல் செட்டும். ஜெயசிங் ஏதோ ஒரு தெருவில் ஏணிமேல் இருந்தார். அன்று காலையில் ஐந்தாவது தறியின் மோட்டார் உறுமியது. உறுமியதே தவிரச் சுற்றவில்லை.

"மூணு லைன்ல ஒண்ணு வரலக்கா," என்றார் காசிராஜன். "சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒயரு லூசாயிருக்கும். ஜெயசிங்குக்குப் போன் போட்டா, தபசு முடிஞ்சு வாரேங்கான்."

மெஹர்பானு பெருமூச்சு விடுவதற்குள் ரிஸ்வான் மீட்டரோடு வந்து நின்றார்.

"நான் பாக்குதேன்."

"மச்சான்."

"ஏட்டி, ஒரு ஸ்க்ரூவ முறுக்கணும். அவ்வளவுதான். இதுக்கும் ஆள் கூப்பிட்டா, நான் இந்தக் கூடத்துல என்னத்துக்கு இருக்கேன்? தார் எண்ணவா?"

அந்தக் கேள்வி உள்ளே இறங்கியது. மெஹர்பானு அவர் முகத்தைப் பார்த்தாள். விலை சொல்லுகிறவனின் முகத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"சரி. இத நீங்க சரியாக்கிட்டா கரண்டு சோலி ஒங்களுது. ஜெயசிங் தம்பிகிட்ட நானே சொல்லிருவேன். இல்லேன்னா, வண்டி."

ரிஸ்வான் முறைப்படி தொடங்கினார். எட்டுத் தறிகளின் சுவிட்சையும் தட்டி நிறுத்தினார். சுவரில் இருந்த இரும்பு மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து, கூடமே பார்க்கும்படி, கொடி இறக்குவது போல இறக்கினார். விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி லைன் என்பதால் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தம் நின்ற கூடத்தில் அந்த ஃபேனின் கிரீச் பெரிதாகக் கேட்டது.

ஐந்தாவது தறியின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். கறுப்பு ஒயரின் முனையில் ஒரு கிளிப்பை மாட்டி, பெட்டிக்குள் எர்த் கம்பியில் கடிக்க விட்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்த நிலையில் அவரைப் பார்த்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பாட்டு ஒப்பிக்க மேடை ஏறிய பையனைப் போல இருந்தது. வலது கையில் சிவப்பு முனை. உள்ளே மூன்று லைன் வந்து சேருகிற மூன்று ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"ஜீரோ. ஜீரோ. இதுவும் ஜீரோ," என்றார். குரலில் ஷார்ஜா மெயின்டனன்ஸ்காரரின் சலிப்பைக்கூடக் கொண்டுவந்துவிட்டார். "கரண்டு சுத்தமா இல்ல. இப்ப நீ கைய வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"நான் எதுக்கு வைக்கணும்? நீங்க வைக்கிறதையே கொஞ்சம் நிப்பாட்டுங்க."

நடு ஸ்க்ரூவிலிருந்து ஒயர் கழன்று கறுத்திருந்தது. அதைப் பிடித்து இழுக்க நீண்ட ரிஸ்வானின் விரல்கள் அவள் குரல் கேட்டுப் பாதியில் நின்றன.

"என்ன இப்ப?"

"மூணு எடத்துல கேட்டீய. மூணு பேரும் மொதக் கேள்விக்கே சும்மா எடுத்துட்டுப் போன்னுட்டான். எனக்கு இது சரியாப் படல மச்சான். மண்டியில எவனாச்சும் மூணு மூட்டைய சும்மா தூக்கிட்டுப் போன்னு சொன்னா, எங்க அத்தா வாங்க மாட்டாக. மூட்டைய அவுத்துப் பாப்பாக."

"இது வியாபாரம் இல்ல மெஹரு. விஞ்ஞானம்."

"நம்பர் சொல்லுத எல்லாமே வியாபாரந்தான். அதுலயும் நீங்க கேட்ட மூணும் ஒரே தெருக் கடை. வெலை தெரிஞ்ச கடையில மொதல்ல கேட்டீயளா?"

"கரண்டுக்கு எங்கட்டி வெலை தெரிஞ்ச கடை?"

"அந்தா ஃபேன் ஓடுதுல்லா. அது பக்கத்துல பிளக் இருக்கு. அங்கன கரண்டு இருக்குன்னு எனக்கே தெரியும். அங்கன போய்க் கேளுங்க. இந்த மீட்டரு யோக்கியனா இருந்தா எரநூத்துச் சொச்சம் சொல்லட்டும்."

ரிஸ்வானுக்குக் கோபம் வந்தது. நேரம் போகிறதே என்று அல்ல. நெசவாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசிராஜன் வேறு சமாதானம் சொல்ல வந்தார்.

"அக்கா சொல்லுததையும் கேட்டுருங்க பாய். கைதான போவப்போவுது, செத்த நேரம் கழிச்சுப் போவட்டும்."

இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு ஒரு பாடம் கற்பித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் ரிஸ்வான் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு, விடுவிடுவென்று நடந்து போய், இரண்டு முனைகளையும் பிளக்கில் செருகினார். மீட்டரைத் திருப்பி மனைவிக்கு நேராகக் காட்டினார்.

மெஹர்பானு பார்த்தாள். காசிராஜனும் எட்டிப் பார்த்தார். கடைசியாக ரிஸ்வான் பார்த்தார்.

000.

தலைக்குமேல் ஃபேன் கிரீச் கிரீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப ஃபேன் எதுல ஓடுது பாய்," என்று கேட்டார் காசிராஜன். "பழக்கத்துலயா?"

யாரும் சிரிக்கவில்லை. ரிஸ்வான் முனைகளை வெளியே எடுத்தார். மீட்டரின் திருகியை, கம்பியில் தொடர்ச்சி இருந்தால் பீப் என்று கத்துகிற இடத்துக்குத் திருப்பினார். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டார். கத்தவில்லை. சிவப்பு ஒயரை, மீட்டரின் விளிம்பில் அது தினமும் மடங்குகிற இடத்தில், விரலால் நெரித்தார். பீப். விட்டார். நின்றது. நெரித்தார். பீப்.

மேல்தோலில் ஒரு கீறல் கிடையாது. உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. தார் சுற்றுகிற கை, நாள் தவறாமல் இறுக்கி இறுக்கி, நூலுக்குச் செய்கிற மரியாதையைக் கம்பிக்கும் செய்திருந்தது. நூல் அதைத் தாங்கும். கம்பி தாங்கவில்லை. அறுந்த ஒயரின் வழியாக எந்த மீட்டர் பார்த்தாலும் உலகம் முழுக்க ஜீரோதான்.

மெஹர்பானு சாவியை எடுத்தாள். மேசைக்குப் போனாள். டிராயரைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்து, கொசுறு ஒயரை அவர் கையில் கொடுத்தாள்.

ரிஸ்வான் அதை மாட்டினார். முனைகளை ஒன்றோடொன்று தொட்டார். பீப் என்று ஒழுங்காகக் கத்தியது. திருகியை வோல்ட்டுக்குத் திருப்பினார். பிளக்கில் செருகினார். 234.

"இப்ப அங்கன," என்றாள் மெஹர்பானு, ஐந்தாவது தறியைக் காட்டி.

கிளிப்பைக் கடிக்க விட்டு, இடது கையைப் பின்னால் கட்டினார். இந்தத் தடவை அது மேடைப் பையன் மாதிரித் தெரியவில்லை. முதல் ஸ்க்ரூ, ஜீரோ. மூன்றாவது, ஜீரோ. நடுவில் இருந்ததை, விரல் பிடிக்கப் போயிருந்த அந்தக் கறுத்த ஒயரை, முனையால் தொட்டார்.

231.

காசிராஜன் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தார். மெயின் சுவிட்சின் கைப்பிடி இறங்கியபடியேதான் இருந்தது. தறிகள் நின்றபடியேதான் இருந்தன. கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் கரண்ட் இல்லை என்றே சத்தியம் செய்தன.

"திரும்பி மொதக் கடைக்கு," என்றாள் மெஹர்பானு. பயந்தாலும் வேலை வேலைதான். "நடுவுல வெலை மாறிருக்கப் போவுது."

ரிஸ்வான் பிளக்குக்குப் போனார். 234. மீட்டர் தன் பேச்சில் நின்றது.

அதற்கப்புறம் ரிஸ்வான் மீட்டரைக் கீழே வைத்தார். நூல் மூட்டைமேல் போய் உட்கார்ந்துவிட்டார். மெஹர்பானு தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும் வரை அவருடைய வலது கையை, மணிக்கட்டுக்குமேல், பிடித்துக்கொண்டு நின்றாள். நெசவாளர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

போனை எடுத்தது ரிஸ்வான்தான்.

"ஜெயசிங்கு, மெயின எறக்கிட்டேன். நடு லைன் மட்டும் எறங்கல. வந்துட்டுப் போரும்."

"யாரு சொன்னா பாய்?"

"மீட்டரு."

"அந்த மீட்டரு எதையாச்சும் சொல்லும் பாய். நான் ஏணி மேல நிக்கேன்."

"இது சும்மா சொல்லல வே. தெரிஞ்ச எடத்துல காட்டி, தறியில காட்டி, மறுபடி தெரிஞ்ச எடத்துல காட்டிக் கேட்டது. எறங்கி வாரும்."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று ஜெயசிங்கை ஏணியிலிருந்து இறக்கியது. வந்தார். வாசலில் இருந்த ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, மெயினுக்கு வருகிற கரண்டையே நிறுத்தினார். மெயின் பெட்டியைத் திறந்து, தன் சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை உள்ளே நீட்டப் போனார்.

"ஒரு நிமிசம்," என்றார் ரிஸ்வான். "அத மொதல்ல தெரிஞ்ச எடத்துல காட்டும்."

"பாய், இந்த டெஸ்டர வச்சுத்தான் நான் என் தங்கச்சி கல்யாணத்தையே நடத்துனேன்."

"அதனாலதான் வயசாயிருக்கும்ங்கேன். காட்டும்."

ஜெயசிங் மெஹர்பானுவைப் பார்த்தார். அங்கேயும் தயவு இல்லை. விளக்கு லைனில் ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக்குக்குப் போய்ச் செருகினார், எரிந்தது. மெயினில் வைத்தார், எரியவில்லை. கையை உள்ளே விடப் போனவர் ரிஸ்வானின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி பிளக்குக்கு நடந்தார்.

மெயினுக்குள் கதை எளிது. கைப்பிடியோடு, லைனுக்கு ஒன்றாக, மூன்று செப்புக் கத்திகள் சேர்ந்து இறங்க வேண்டும். நடுக் கத்தியைப் பிடித்திருந்த துண்டு எப்போதோ உடைந்திருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். நடுவில் நின்றவன் அவன் பாட்டுக்கு நின்றுவிட்டான்.

"இத நான் போன தபசுக்கே மாத்தணும்னு நெனச்சேன்," என்று முனகினார் ஜெயசிங்.

"நெனப்புக்கெல்லாம் பில்லு போட்ராதீய தம்பி," என்றாள் மெஹர்பானு.

ஜெயசிங் புதுச் சுவிட்சை மாட்டிவிட்டு ஏணிக்குத் திரும்பினார். ஐந்தாவது தறியின் நடு ஸ்க்ரூவை அவர் தொடவில்லை. ரிஸ்வான் தொட விடவில்லை. மெயினை இறக்கி, பிளக்கில் காட்டி, மூன்று லைனிலும் காட்டி, மறுபடி பிளக்கில் காட்டி, அதற்கப்புறம் ரிஸ்வானே முறுக்கினார். மெயினை ஏற்றித் தறியைத் தட்டினால், அது உறுமாமல் ஓடியது. காசிராஜன் நாடாவைப் போட்டார்.

தறி ஓடுகிற சத்தத்தையும் மீறி, அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒலிபெருக்கி கேட்டது. பழைய இரும்பு, பித்தளை, செம்பு. மொபெட்டில் பின்பக்கம் தராசும் பேரீச்சம்பழ டப்பாவும்.

மெஹர்பானு எழுந்தாள். ரிஸ்வானின் கை தன்னால் மீட்டரின்மேல் போய் விழுந்தது.

"கூத்து நடந்துச்சுதான்," என்றார் மெல்ல. "ஆனா தறி ஓடுதுல்லா மெஹரு."

"ஓடுது. அதான் மீட்டரு ஒங்களுக்கு." அவள் குனிந்து, மேசையில் கிடந்த அறுந்த ஒயர் ஜோடியை எடுத்துக்கொண்டாள். "இது வண்டிக்கு."

வண்டிக்காரர் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருக்கிற செம்பு மூக்குத்திக்குக்கூடக் காணாது என்றார். பேருக்கு இரண்டு பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

வழக்கமாக இந்த இடத்தில் ரிஸ்வான் ஏதாவது ஃபேன் இறக்கையைத் தேடிப் போயிருப்பார். இன்று மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். மீட்டர் கையில் இருந்தது. ஒயரைச் சுற்றப் போன விரல்களை நிறுத்தி, அதைத் தொளதொளவென்று கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டுதானா?" என்றார் வண்டிக்காரரிடம். "அடுத்த தெருவுல ஒரு வண்டி வரும்லா. நாங்க அங்கன கேட்டுட்டு வாரோம்."

பிறகு மனைவியைப் பார்த்து, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது போலக் கேட்டார்:

"திரும்பி இவர்கிட்டயும் ஒருக்காக் கேக்கணும், இல்லியா?"